பார்வையாளருக்கு வேலை கொடுக்கும் நாடகங்கள்

நடிகர் மேடைக்கு வருகிறார். ஒட்டிய உறை ஒன்றை அவர் கையில் கொடுக்கிறார்கள். நாடகம் அதற்குள் இருக்கிறது. அந்த நிமிடம் வரை அதன் ஒரு வரியைக்கூட அவர் படித்ததில்லை. ஒத்திகை நடக்கவில்லை, இயக்குநர் என்று யாரும் இல்லை. மேடையில் இருப்பவை இரண்டு தம்ளர் தண்ணீர், ஓர் ஏணி, சிறு குப்பியில் ஏதோ ஒரு பொடி, இவ்வளவுதான். அவர் உறையைப் பிரித்து, அவையோருடன் சேர்ந்து தாமும் முதன்முறையாக அந்தப் பிரதியை அறிந்துகொள்ளத் தொடங்குகிறார். பார்வையாளர்கள் வரிசையாக எண் சொல்ல வேண்டும். தம் எண் அழைக்கப்பட்டால் எழுந்து மேடைக்குப் போக வேண்டும். முன்வரிசையில் ஒரு நாற்காலி காலியாக விடப்பட்டிருக்கிறது. அது நாடகாசிரியருக்கு உரியது.

'வெள்ளை முயல் சிவப்பு முயல்' என்ற இந்த நாடகத்தை எழுதிய ஈரானியர் நசீம் சுலைமான்பூர், கட்டாய ராணுவச் சேவைக்குச் செல்ல மறுத்ததால் கடவுச்சீட்டு கிடைக்காமல் நாட்டுக்குள்ளேயே இருக்க நேர்ந்தவர். தாம் போக முடியாத இடங்களுக்குத் தம் பிரதி போகட்டும் என்று அவர் முடிவெடுத்தார். 2011இல் எடின்பரோவிலும் டொரான்டோவிலும் அரங்கேறிய அந்த நாடகம் பல மொழிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. எழுதியவரோ கடவுச்சீட்டு கிடைத்த பிறகு, 2013இல் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரில்தான் அதை முதன்முதலாகப் பார்த்தார். நாடகத்தின் நடுவே ஒரு கதை வருகிறது. கூண்டில் முயல்கள், மேலே ஒரு கேரட், ஏறுவதற்கு ஓர் ஏணி. முதலில் ஏறிக் கேரட்டை எடுக்கும் முயலுக்குச் சிவப்புச் சாயம் பூசப்படுகிறது. மற்றவற்றின் மீது குளிர்ந்த நீர் ஊற்றப்படுகிறது. சில நாட்களில், தண்ணீர் ஊற்றுவதை நிறுத்திய பிறகும், ஏற முயலும் எந்த முயலையும் மற்ற முயல்கள் கடித்துக் குதறத் தொடங்கிவிடுகின்றன. இதைச் சொல்லி முடித்த பிறகு, அரங்கில் இல்லாத ஓர் ஆசிரியரின் சொல்லுக்கு நடிகரும் நாமும் எதுவரை கீழ்ப்படிவோம் என்ற கேள்விக்கு நாடகம் வந்து நிற்கிறது. முடிவைச் சொல்வது பார்க்கப்போகிறவருக்குச் செய்யும் துரோகம் என்பதால் இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

சமகால நாடகங்களில் துணிச்சலானவை எவை என்று யாராவது கேட்டால் நான் இதிலிருந்துதான் தொடங்குவேன். ஒரு நாடகத்தின் துணிச்சலை அது எடுத்துக்கொண்ட பேசுபொருளைக் கொண்டே அளந்து பழகிவிட்டோம். சாதி, காமம், மதம், அரசு என்று பேசத் தயங்குவதைப் பேசிவிட்டால் அது துணிச்சலான நாடகம் என்று அடையாளம் ஒட்டிவிடுகிறோம். அந்தத் துணிச்சலை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால், கடந்த முப்பது ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வந்த நல்ல நாடகங்களை வாசிக்கும்போது, ஆசிரியர், நடிகர், பார்வையாளர் ஆகிய மூவருக்கும் இடையே இருந்த பழைய வேலைப் பிரிவினையை மாற்றி எழுதியதே அவற்றின் பெரிய துணிச்சல் என்று தோன்றுகிறது. உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கைதட்டிப் போகலாம் என்ற வசதியை அவை நம்மிடமிருந்து எடுத்துக்கொள்கின்றன.

பேசுபொருளே துணிச்சலாக இருந்த காலத்தின் பின்னணி சட்டத்தில் இருக்கிறது. இங்கிலாந்தில் 1737 முதல் பொது அரங்குகளில் நடிக்கப்படும் புதிய நாடகப் பிரதிகள் அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லின் அலுவலகத்துக்குப் போய் ஒப்புதல் பெற வேண்டியிருந்தது. 1965இல் எட்வர்ட் பாண்டின் 'சேவ்டு' என்ற நாடகம் அங்கே போனது. பூங்கா ஒன்றில், தள்ளுவண்டியில் கிடக்கும் ஒரு குழந்தையை இளைஞர் கூட்டம் கல்லெறிந்து கொல்லும் காட்சி அதில் உண்டு. வெட்டச் சொன்னார்கள், பாண்ட் மறுத்தார். லண்டன் ராயல் கோர்ட் அரங்கம் உறுப்பினர்களுக்கு மட்டுமான மன்றம் என்ற பெயரில் நாடகத்தை நடத்தியது, வழக்கு தொடரப்பட்டது, அபராதமும் விதிக்கப்பட்டது. அந்த வழக்கு எழுப்பிய விவாதமும் சேர்ந்துகொண்டதில், 1968இல் மேடைத் தணிக்கை அங்கே ஒழிந்தது.

தமிழ்நாட்டில் இந்தக் கதை இன்னும் நீண்டது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை மனத்தில் வைத்துக் கொண்டுவரப்பட்டது என்று பரவலாகச் சொல்லப்படும் 1954ஆம் ஆண்டின் நாடக நிகழ்ச்சிகள் சட்டம், பிரதியை முன்கூட்டியே வாங்கிப் பார்த்து அனுமதி கொடுக்கவும் மறுக்கவும் அதிகாரிகளுக்கு வழிசெய்தது. 'பரீக்‌ஷா' நாடகக் குழுவை நடத்திவந்த ஞாநி தொடுத்த வழக்கில்தான், 2013இல், சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியமான பிரிவுகளைச் செல்லாதவை என்று அறிவித்தது. பிரிட்டிஷ் ஆட்சி கொண்டுவந்த 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் நீக்கப்பட்டது 2018இல். நம் நவீன நாடகக்காரர்கள் இவ்வளவு காலம் இப்படியொரு சட்டத்தின் நிழலில்தான் நாடகம் போட்டார்கள் என்பதை, நம் நாடகங்களைப் பிற நாட்டு நாடகங்களோடு ஒப்பிடுகிறவர்கள் மறந்துவிடக் கூடாது.

தணிக்கை போனால் மட்டும் புதிய நாடகம் வந்துவிடாது. தோற்கவும் இடம் வேண்டும். ராயல் கோர்ட்டில் 1956 முதல் இயங்கிய குழுவின் தலைவர் ஜார்ஜ் டிவைன் 'தோற்கும் உரிமை' என்று இதைச் சொல்லிவந்தார். யாரும் பெயர் கேட்டிராத ஓர் ஆசிரியரின் நாடகம் காலி இருக்கைகளுக்கு முன் நடந்தாலும் அரங்கம் அதைத் தாங்கிக்கொள்ள வேண்டும் என்பது அதன் பொருள். அரசு மானியம் இதற்குத் துணை நின்றது. 1969இல் அதே கட்டடத்தின் மேல்தளத்தில் ஒரு சிறிய அரங்கு திறக்கப்பட்டது. சில வரிசைகளே கொண்ட அந்த இடத்தில் ஒரு நாடகம் தோற்றால் நட்டம் சிறியது; வென்றால் கீழே பெரிய மேடைக்கு வரும். வந்து குவியும் பிரதிகளை வாசிக்கவென்றே ஆட்கள், முதல் வரைவை நடிகர்களைக் கொண்டு வாசித்துப் பார்க்கும் வழக்கம், அரங்கேற்ற நாளிலேயே பிரதியை அச்சிட்டு மலிவாக வாயிலில் விற்பது என்று ஓர் ஏற்பாடே அங்கு வளர்ந்தது. நாடகத்தை எழுத்தாக மதிக்கும் பழக்கம் இந்தச் சிறுசிறு ஏற்பாடுகளின் வழியாகவே வேரூன்றுகிறது.

1995 ஜனவரியில் அந்த மேல்தள அரங்கில் நடந்ததுதான் இன்றைய நாடகத்தின் திருப்பம் என்று பலரும் கருதுகிறார்கள். சாரா கேன் என்ற இளம்பெண் எழுதிய 'பிளாஸ்டட்', லீட்ஸ் நகரின் விலையுயர்ந்த ஒரு ஓட்டல் அறையில் தொடங்குகிறது. நடுவயதுப் பத்திரிகையாளர் ஒருவரும் இளம்பெண் ஒருத்தியும் அந்த அறையில் இருக்கிறார்கள். அவர் அவள்மீது வன்முறை செலுத்துகிறார். இதுவரை நமக்குப் பழகிய யதார்த்த நாடகம். திடீரென ஒரு படைவீரன் உள்ளே வருகிறான். குண்டு விழுந்து சுவர் பிளக்கிறது. அதே அறை உள்நாட்டுப் போரின் நடுவே கிடக்கிறது. போஸ்னியாவில் அப்போது நடந்துகொண்டிருந்தது லீட்ஸில் நடக்காது என்று நாம் எதை வைத்து நம்புகிறோம் என்று கேட்கவே கேன் நாடகத்தின் வடிவத்தை நடுவில் உடைத்தார். பத்திரிகைகள் அருவருப்பு என்று எழுதித் தள்ளின. அவற்றில் எழுதிய சிலர் பின்னாளில் தம் கருத்தை மாற்றிக்கொண்டார்கள். ஆனால், 1999இல் இருபத்தெட்டு வயதிலேயே கேன் இறந்துவிட்டார். இந்த நாடகத்தை யாருக்கும் எளிதில் பரிந்துரைக்க மாட்டேன், வாசிக்கவே கடினமானது. ஆனால் பிற்பாடு வந்தவர்கள் எங்கிருந்து துணிவு பெற்றார்கள் என்று அறிய விரும்புகிறவர் இதைத் தாண்டிப் போக முடியாது.

கேரில் சர்ச்சிலைத் தாண்டியும் போக முடியாது. 1938இல் பிறந்த இந்தப் பிரிட்டிஷ் நாடகாசிரியர், எழுபது வயதைக் கடந்த பிறகும் ஒவ்வொரு நாடகத்திலும் நாடகம் என்பதை முதலிலிருந்து கண்டுபிடித்துக்கொண்டிருந்தவர். 2012இல் வந்த 'லவ் அண்ட் இன்ஃபர்மேஷன்' ஐம்பதுக்கும் மேற்பட்ட குட்டிக் காட்சிகளால் ஆனது. சில காட்சிகள் ஒரு நிமிடம்கூட ஓடுவதில்லை. பிரதியைத் திறந்தால் வசனம் மட்டும் இருக்கிறது. பேசுகிறவர் ஆணா பெண்ணா, என்ன வயது, எங்கே நிற்கிறார்கள், எத்தனை பேர் என்று எதுவும் எழுதப்படவில்லை. ஒரு ரகசியத்தைச் சொல்லுமாறு ஒருவர் மற்றவரை நச்சரிக்கிறார் என்றால், அது படுக்கையறையில் நடக்கிறதா, பேருந்து நிறுத்தத்திலா, சிறையிலா என்று குழுவே முடிவு செய்ய வேண்டும். ஏழு பகுதிகளின் வரிசை மாறக் கூடாது. பகுதிக்குள் இருக்கும் காட்சிகளை எப்படியும் கோத்துக்கொள்ளலாம். கல்லூரி நாடகக் குழு ஒன்று முதலில் எதை எடுத்துச் செய்யலாம் என்று என்னிடம் கேட்டால் தயங்காமல் இதைச் சொல்வேன். முப்பது மாணவர்களுக்கும் இதில் இடம் உண்டு. இடத்தையும் உறவையும் அவர்களே தீர்மானிப்பதால், மதுரையில் செய்தால் அது மதுரை நாடகமாகவே இருக்கும்.

சர்ச்சிலின் இன்னொரு செயலையும் சொல்ல வேண்டும். காஸா மீதான தாக்குதலின்போது, 2009இல், அவர் எழுதிய 'செவன் ஜூயிஷ் சில்ட்ரன்' பத்து நிமிட நாடகம். ஒரு பெண் குழந்தையிடம் எதைச் சொல்வது, எதை மறைப்பது என்று பெரியவர்கள் தமக்குள் பேசிக்கொள்வதே ஏழு சிறு காட்சிகளாக விரிகிறது. குழந்தை ஒருமுறைகூட மேடைக்கு வருவதில்லை. யார் வேண்டுமானாலும் உரிமைத்தொகை இல்லாமல் நடிக்கலாம், பாலஸ்தீனியர்களின் மருத்துவ உதவிக்காக மட்டும் நிதி திரட்டினால் போதும் என்று அவர் அறிவித்தார். அந்த நாடகம் யூத வெறுப்பைத் தூண்டுவதாகக் கடுமையான குற்றச்சாட்டு எழுந்தது. அதை மறுத்தவர்களும் உண்டு. ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் நகரில் அவருக்கு அறிவிக்கப்பட்ட ஐரோப்பிய நாடக விருது, அவருடைய பாலஸ்தீன ஆதரவையும் இந்த நாடகத்தையும் காரணம் காட்டி 2022இல் திரும்பப் பெறப்பட்டது. தணிக்கை அதிகாரி இல்லாத காலத்திலும் ஒரு பத்து நிமிட நாடகத்துக்கு எவ்வளவு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதற்கு இது சான்று.

அமெரிக்காவில் நிலைமை வேறு. அங்கே மானியம் குறைவு. ஆண்டுச் சந்தா கட்டும் பார்வையாளர்களை நம்பியே இலாப நோக்கற்ற அரங்குகள் நடக்கின்றன. ஆகவே பார்வையாளரைச் சோதிப்பது அங்கே நேரடியான பண ஆபத்து. 2013இல் நியூயார்க்கின் பிளேரைட்ஸ் ஹரைசன்ஸ் அரங்கில் ஆனி பேக்கரின் 'தி ஃபிளிக்' நடந்தபோது, இடைவேளையில் சிலர் எழுந்து போனார்கள். அரங்கின் கலை இயக்குநர் சந்தாதாரர்களுக்கு விளக்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. மேடையில் அப்படி என்ன நடந்தது? ஏறக்குறைய ஒன்றும் நடக்கவில்லை. மாசசூசெட்ஸில் ஒரு பழைய சினிமாக் கொட்டகை. திரை இருக்க வேண்டிய இடத்தில் நாம் உட்கார்ந்திருக்கிறோம். நமக்கு எதிரே காலி இருக்கைகள். படம் முடிந்ததும் இரண்டு ஊழியர்கள் வந்து கீழே சிந்திய பாப்கார்னைக் கூட்டுகிறார்கள். வரிசை வரிசையாக, பேசாமல், நிஜமாகக் கூட்ட எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம். மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஓடும் இந்த நாடகத்தில், ஃபிலிம் சுருளின் மீது உயிரையே வைத்திருக்கும் ஒரு கறுப்பின இளைஞன், டிக்கெட் பணத்தில் அவனும் சக ஊழியர்கள் இருவரும் சேர்ந்து செய்துவந்த சில்லறைத் திருட்டுக்கான பழியைக் கடைசியில் தனியாகச் சுமக்க விடப்படுகிறான். சத்தமில்லாமல் நடக்கும் அந்தக் கைவிடுதல், அத்தனை நேரம் அவர்களோடு கூட்டிக்கொண்டிருந்த நமக்கு மட்டுமே முழுதாக வலிக்கும். அந்த மௌனங்களை வெட்டிச் சுருக்கினால் நாடகமே போய்விடும். அடுத்த ஆண்டு அதற்குப் புலிட்சர் பரிசு கிடைத்தது.

2019இல் அதே பரிசைப் பெற்ற ஜாக்கி சிப்லிஸ் ட்ரூரியின் 'ஃபேர்வியூ' பார்வையாளருக்குக் கொடுக்கும் வேலை இன்னும் கடினமானது. பாட்டியின் பிறந்தநாள் விருந்துக்குத் தயாராகும் ஒரு கறுப்பினக் குடும்பத்தின் கலகலப்பான காட்சியோடு தொடங்குகிறது. இரண்டாம் பகுதியில் அதே அசைவுகள் சத்தமின்றி மறுபடி நடக்க, அவற்றைப் பார்த்துக்கொண்டிருக்கும் வெள்ளையர்களின் குரல்கள் மேலே கேட்கின்றன. எந்த இனத்தில் பிறக்க விருப்பம் என்று அவர்கள் ஜாலியாகப் பேசிக்கொள்கிறார்கள். மூன்றாம் பகுதியில் அந்தக் குரல்கள் வேடமிட்டு வீட்டுக்குள்ளேயே நுழைந்துவிடுகின்றன. இறுதியில் அந்த வீட்டுப் பெண் நாடகத்தை நிறுத்தி, அரங்கில் உள்ள வெள்ளையர்கள் எழுந்து மேடைக்கு வர முடியுமா என்று கேட்கிறாள். யார் யாரைப் பார்க்கிறார்கள் என்பது அந்த ஒரு கேள்வியில் தலைகீழாகிறது. இதை அப்படியே மொழிபெயர்த்து நம் ஊரில் போட்டால் ஒன்றும் நடக்காது. மேடைக்கு எழுந்து வரச் சொல்லி நம் அரங்கில் கேட்க வேண்டிய கேள்வி சாதியைப் பற்றியதாக இருக்கும். அதைக் கேட்பதற்கு நாடகத்தை அடியிலிருந்து நம் மொழியிலேயே எழுத வேண்டும்.

இந்த வரிசையில் தமிழ் வாசகர்கள் தவறவிடக் கூடாத நாடகம் என்று நான் வற்புறுத்துவது, இலங்கைத் தமிழ்ப் பின்னணி கொண்ட ஆஸ்திரேலிய நாடகாசிரியர் எஸ். சக்திதரனின் 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்'. 2019 ஜனவரியில் சிட்னி விழாவின்போது, பெல்வார் அரங்கக் குழு சிட்னி நகர மண்டபத்தில் இதை அரங்கேற்றியது. இயக்கியவர் ஈமன் ஃபிளாக். 2004இல் சிட்னி அருகே ஒரு ஆற்றங்கரையில், ராதாவும் அவள் மகன் சித்தார்த்தாவும் பாட்டியின் அஸ்தியைக் கரைக்க நிற்கும் காட்சியில் நாடகம் தொடங்குகிறது. ராதா, இலங்கைத் தமிழர்கள் கொன்று சூறையாடப்பட்ட 1983 கறுப்பு ஜூலைக்குப் பிறகு, வயிற்றில் பிள்ளையோடு, கணவன் திரு இறந்துவிட்டான் என்று நம்பி, கொழும்பிலிருந்து வந்தவள். இருபத்தொரு வயது மகனிடம் அவள் அந்த நாட்டைப் பற்றிப் பேசியதே இல்லை. பிறகு ஒரு தொலைபேசி அழைப்பு வருகிறது. திரு உயிரோடு இருக்கிறான்.

அங்கிருந்து கதை 1956க்கும் 2004க்கும் இடையே முன்னும் பின்னும் போகிறது. ராதாவை வளர்த்த தாத்தா கணிதம் படித்தவர், அமைச்சராக இருந்தவர். சக்திதரனின் கொள்ளுத்தாத்தாவும் இலங்கையின் முதல் அமைச்சரவையில் இருந்தவருமான சி. சுந்தரலிங்கத்தின் சாயல் கொண்டவர். தலைப்பும் இந்தத் தாத்தாவின் பேச்சிலிருந்து வருவதுதான். ஜனநாயகம் ஓர் எல்லை வரை தலைகளை எண்ணுவதாகவும், எல்லை தாண்டினால் தலைகளை உடைப்பதாகவும் மாறும் என்கிறார் அவர். சிங்களத்தை மட்டும் ஆட்சிமொழியாக்கிய தனிச் சிங்களச் சட்டத்தால் 1956இல் ஒரு நாட்டின் வீட்டுக்கூடங்களில் எப்படி விரிசல் விழுந்தது என்பதை, கல்யாணப் பேச்சுக்கும் சிங்கள நண்பர்களோடு நடக்கும் வாக்குவாதத்துக்கும் நடுவில் நாடகம் காட்டுகிறது.

இதன் அரங்க உத்தி என்னை மிகவும் ஈர்த்தது. பாத்திரங்கள் தமிழில் பேசும்போது தமிழிலும் சிங்களத்தில் பேசும்போது சிங்களத்திலுமே பேசுகிறார்கள். திரையில் ஆங்கில எழுத்துகள் ஓடுவதில்லை. அருகில் நிற்கும் இன்னொரு நடிகர் அந்த வசனத்தை உடனே ஆங்கிலத்தில் சொல்கிறார். அதனால் அரங்கில் இருக்கும் தமிழர் மற்றவர்களைவிட ஒரு நொடி முன்னால் சிரிக்கிறார், ஒரு நொடி முன்னால் கலங்குகிறார். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர் தமக்குப் புரிவதற்கு இன்னொருவரின் தயவு தேவைப்படும் நிலையில் உட்கார்ந்திருக்கிறார். புலம்பெயர்ந்தவர்கள் அன்றாடம் அனுபவிக்கும் அந்தக் காத்திருப்பை, பெரும்பான்மையினரை மூன்றரை மணி நேரம் அனுபவிக்க வைப்பது மிகப் பெரிய காரியம். சக்திதரனின் தாயாரும் நடனக் கலைஞருமான ஆனந்தவல்லி ஆடை வடிவமைப்பிலும் பண்பாட்டு ஆலோசனையிலும் பங்கேற்றார். வீட்டில் தாய் பேச மறுத்த வரலாற்றை மகன் ஆண்டுக்கணக்கில் தேடி எழுத, அந்த மேடைக்குத் தாயே சேலைகளைத் தேர்ந்து கொடுத்திருக்கிறார் என்பதை நினைத்துப் பார்த்தால் நெஞ்சு கனக்கிறது. ஆஸ்திரேலிய மேடைக் கலைகளுக்கான ஹெல்ப்மன் விருதுகள் ஏழும் 2020இன் விக்டோரிய இலக்கியப் பரிசும் இதற்குக் கிடைத்தன; 2022இல் எடின்பரோவுக்கும் 2024இல் நியூயார்க்குக்கும் போனது.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இது கொழும்பின் வசதியான, ஆங்கிலம் அறிந்த ஒரு குடும்பத்தின் கண் வழியாகப் பார்க்கப்பட்ட இலங்கை. வடக்கின் கிராமமும் மலையகத் தோட்டத் தொழிலாளரின் லயன் குடியிருப்பும் இதில் தொலைவாகவே தெரிகின்றன. ஆகவே, 1985இல் யாழ்ப்பாணத்தில் மேடையேறிய குழந்தை ம. சண்முகலிங்கத்தின் 'மண் சுமந்த மேனியர்' நாடகத்தை இதன் பக்கத்தில் வைத்து வாசிப்பது நல்லது. போர் நடக்கும் மண்ணிலேயே நின்று எழுதியது அது. முப்பத்து நான்கு ஆண்டுகள் கழித்து, இன்னொரு கண்டத்தில், வேறொரு தலைமுறை எழுதியது இது. இரண்டையும் சேர்த்துப் படிக்கும்போதுதான் படம் முழுமை பெறும்.

இவற்றில் பெரும்பாலானவற்றை நாம் மேடையில் பார்க்க வாய்ப்பு மிகக் குறைவு. அச்சில் வாங்கி வாசிக்கலாம். மேடையேற்ற விரும்பும் குழுவினர் ஆசிரியரின் முகவரிடம் உரிமை பெற்றாக வேண்டும்; சிறிய குழுக்களும் இதைச் சடங்காக நினைக்காமல் முறையாகச் செய்ய வேண்டும், நாடகம் எழுதிப் பிழைப்பவருக்கு அதுவே கூலி. வாசிப்பு வட்டத்தில் தொடங்க நினைப்பவர்களுக்கு, கடைசியாக ஒரு பிரதியைச் சொல்கிறேன். ஆலிஸ் பர்ச் எழுதி 2017இல் ராயல் கோர்ட்டில் நடந்த 'அனாடமி ஆஃப் எ சூசைட்', ஒரு குடும்பத்தின் பாட்டி, தாய், மகள் என்ற மூன்று பெண்களின் வாழ்க்கையை, அவரவர் காலத்தில், ஒரே மேடையில் ஒரே நேரத்தில் நடத்துகிறது. ஒவ்வொரு பக்கமும் செய்தித்தாள் போல மூன்று பத்திகளாக அச்சிடப்பட்டிருக்கிறது. தற்கொலை எண்ணம் தலைமுறை தாண்டி வருமா என்று கேட்கும் நாடகம் இது. அந்தத் துயரத்துக்கு அருகில் இருப்பவர்கள் இப்போதைக்கு இதைத் தவிர்த்துவிடலாம். மற்றவர்கள் தனியாக மௌனமாகப் படிக்க முயல வேண்டாம், கண் எந்தப் பத்தியில் போவது என்று திண்டாடும். பத்திக்கு இருவர் மூவராக மூன்று அணியாகப் பிரிந்து, ஒரே பக்கத்தைப் பார்த்தபடி, வரி நேர்க்கோட்டில் வரும் இடத்தில் சேர்ந்தும் இடைவெளி இருக்கும் இடத்தில் காத்திருந்தும் உரக்கப் படிக்க வேண்டும். முதலில் குரல்கள் ஒன்றின் மேல் ஒன்று விழும், யாராவது வரியைத் தவறவிடுவார்கள். சில பக்கங்கள் போன பிறகு, வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆளிடம் பேசிக்கொண்டிருக்கும் அந்தப் பெண்களின் வாயில் ஒரே சொல் ஒரே கணத்தில் வந்து விழும். வாசித்துக்கொண்டிருப்பவர்கள் தாளிலிருந்து தலையை நிமிர்த்தி ஒருவரையொருவர் பார்ப்பார்கள்.